நாரை எழுந்திருக்கும் காட்சி

இங்கே கொடுக்கும் பார்லித் தேநீர் நன்றாகவே இருக்கிறது. படங்களில் இப்படிப்பட்ட போலீஸ் விசாரணை மேசைக்குப் பன்றிக்கறிச் சோறு வரும். குற்றவாளி தின்றுகொண்டே அழுவான். நிஜத்தில் சோறு வராது என்று இன்றுதான் தெரிந்தது. குறையாகச் சொல்லவில்லை ஐயா. எனக்கு அழுகையும் வரவில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்கு இயக்குநர் தொக்கிவாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவருடைய 'சாம்பல் நாரை' படத்தை நீங்கள் பார்த்ததில்லை என்றீர்கள். பரவாயில்லை, இந்த ஒக்கயாமா நகரில் பாதிப் பேர் பார்த்ததில்லை, அவர்களும் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மற்றவர்களின் படங்களில் சூப்பர்ஹீரோ அடிப்பான், உடனே காட்சி வெட்டு, பறப்பான், வெட்டு, கட்டடம் சரியும், வெட்டு. தொக்கிவா அப்படியில்லை. கேமராவை ஓரிடத்தில் வைத்துவிட்டு, புகைபிடிக்கப் போனவர் திரும்ப மறந்துவிட்டாரோ என்று நினைக்கும்படி விட்டுவிடுவார். அதுவும் நாயகன் நாரையின் முதுகுப் பக்கமாக. நாரை விழும். விழுந்து கிடக்கும். ஒரு நாய் குறுக்கே போகும். அரங்கில் நாலு பேர் இருமுவார்கள். அப்புறம் ஒரே ஒரு விரல் அசையும். அதற்குள் உங்களுக்கு ஒன்று நடந்திருக்கும்: அந்த ரப்பர் உடைக்குள் சம்பளத்துக்கு வந்த ஓர் ஆள் இருப்பதே மறந்துபோயிருக்கும். அது நாரை, அவ்வளவுதான். தொக்கிவாவின் கலை முழுவதும் இந்த மறதிதான் என்பது என் கருத்து. கல்லூரி இதழில் எழுதியும் இருக்கிறேன். யாரும் படிக்கவில்லை.

இந்த வசந்தத்தில் இரண்டாம் பாகம் வந்தது. நாரை விழுந்து முடிப்பதற்குள் எழுந்துவிடுகிறது. எங்கும் வெட்டு. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

செய்ஜிக்கு அது பிடித்திருந்தது. செய்ஜி முதலாமாண்டிலிருந்து என் நண்பன். எங்கள் கல்லூரி மன்றத்தில் நாங்களே நாயக உடைகள் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத்தெருவில் குழந்தைகளுக்கு ஆடிக் காட்டுவோம், குறும்படமும் எடுப்போம். உயரமானவன், பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடுவான் என்பதால் உடைக்குள் போவது அவன். இயக்குவது நான். மிச்ச வேலை எல்லாம் முதலாண்டு மினோரி. படம் பார்த்துவிட்டுக் கடை வாசலில் ஐஸ் தின்றுகொண்டிருந்தோம்.

"புதுசுதான்டா நல்லாருக்கு" என்றான் செய்ஜி.

"எங்க நல்லாருக்கு? விழுந்தவன் விழுந்த மாதிரியே இல்ல."

"அந்தாளுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு. உள்ள ஒருத்தன் வேகுறானேன்னு இரக்கப்பட்டு வெட்டிருக்கார். நீ ஒரு தடவை உள்ள போய் நின்னு பாரு. நாரையாவது மண்ணாவது, எல்லாம் வேர்வைடா."

"சீனியர் உள்ள போகணும்னா தொப்பைக்குத் தனியா ஒரு ஜிப் வைக்கணும்" என்றாள் மினோரி.

நானும் சிரித்தேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குப் புரியவைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

ஆகஸ்ட் நடுப்பகலில், அசாஹி ஆற்றின் கற்படுகையில், நாரை விழுந்து எழும் காட்சியை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுப்பதாக முடிவானது. முதுகுப் பக்கமாகத்தான். ஆனால் எங்கள் உடையின் ஜிப் முதுகில் இருந்தது. ஜிப் தெரிந்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியும். ஆகவே அதை மீன்பிடி நரம்பால் தைத்து, மேலே ரப்பர் பட்டை ஒட்டினேன். முகமூடியும் உடையின் கழுத்தோடு சேர்ந்துவிட்டது. கச்சிதமான வேலை. ஆம்புலன்ஸ்காரர்கள்கூட உடையைத்தான் அறுத்தார்கள், தையல் விடவில்லை.

உடைக்குள் போனதும் செய்ஜி கேட்டான்: "டேய், முடியலன்னா எப்படிக் கழட்டுறது?"

"பட்டைதான் ஒட்டிருக்கு. இழுத்தா கையோட வந்துடும்."

"நிஜமாவா?"

"நான் உங்கிட்ட என்னைக்காவது பொய் சொல்லிருக்கேனா?"

அதுவரை சொன்னதில்லை. அவன் நம்பியதில் தவறே இல்லை.

அழகாக விழுந்தான். கிடந்தான். ஒரு பிளாஸ்டிக் பை உருண்டு வந்து அவன் காலில் தட்டி நின்றது. காசு கொடுத்தாலும் கிடைக்காத பை. பிறகு இரண்டு கைகளும் மெல்லப் பின்னால் வளைந்து முதுகைத் துழாவின. நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க, நாரை சிறகை மடக்குவது போலவே இருந்தது. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தொக்கிவாவுக்கே தோன்றியிருக்காது.

அடுத்து உள்ளங்கையால் கல்லை இரண்டு முறை தட்டினான். உடைக்குள் இருப்பவர் குழந்தைகள் முன்னால் பேசக்கூடாது என்பதால் மன்றத்தில் அதை ஒரு சைகையாக வைத்திருக்கிறோம்: கழட்டு என்று பொருள். ஆனால் முதல் பாகத்தில் நாரையும் எழுவதற்கு முன் தரையைத் தட்டும். ரசிகன் எதை எடுத்துக்கொள்வான், நீங்களே சொல்லுங்கள். ஒரே ஒரு இடறல்தான். முதல் பாகத்தை அவனுக்கு நான் போட்டுக் காட்டியபோது செய்ஜி பாதியிலேயே தூங்கிவிட்டான். அந்தக் காட்சி அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அது எனக்கு அப்போதே நினைவுக்கு வந்தது.

"சீனியர், தட்டுறாரு!" என்று கரையிலிருந்து மினோரி கத்தினாள்.

"நடிக்கிறான். ஃப்ரேமுக்குள்ள வராத."

"இல்ல சீனியர், இது அது இல்ல. ப்ளீஸ், கட் சொல்லுங்க."

"கட் சொல்றவரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது. சேர்ந்த அன்னைக்கே சொன்னேன்ல?"

நின்றுவிட்டாள். மூன்றாமாண்டு மாணவன் சொன்னால் முதலாண்டு மாணவி நிற்பாள். எங்கள் மன்றங்கள் அப்படித்தான் நடக்கின்றன. அவளை ஒன்றும் செய்யாதீர்கள்.

விரல் அசைவதற்காகக் காத்திருந்தேன். தொக்கிவாவும் காத்திருப்பார். அது அசையவே இல்லை.

நான் கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் ஓடிப்போய் உதவ முடியவில்லை என்று மினோரி எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். இரக்கமுள்ள பெண். ஆனால் வாக்குமூலத்தில் பிழை இருக்கக்கூடாது, அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். கேமரா முக்காலியில் இருந்தது. என் கைகள் இரண்டும் சும்மாதான் இருந்தன.