கதிர் குறைந்த கணக்கு

பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து மலையேறிய பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நெனச்ச அளவுக்குக் கதிர் இல்ல கண்ணு. மூணு வருசம் போட்ட கணக்கும் போச்சு" என்றாள் அக்கா.

கேழ்வரகு விளைச்சலைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"அதென்ன கதிருக்கா?" என்று கேட்டாள் தங்கை.

"விண்வெளியில இருந்து வர்ற கதிரு. நட்சத்திரம் உருவாகற மேகத்துக்குள்ள வெளிச்சம் போகாது. இது மட்டும் துளைச்சுட்டுப் போவும். இது மோதுனாத்தான் அங்க தண்ணி உண்டாகற வேலையே தொடங்கும். நெறைய வருதுன்னு வெச்சு என் ஆராய்ச்சிக்குக் கணக்குப் போட்டேன். கம்மின்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

"அப்ப அங்க தண்ணியே ஆகாதா?"

"ஆகும். ரொம்ப நாளாகும்."

"கதிரு கம்மியா வந்தா நீ என்னக்கா பண்ணுவே? திருப்பிப் போடு."

"அதுக்கு இன்னும் ஒரு வருசமாகும். இந்த மாசம் படிப்பை முடிச்சுட்டு நான் ஊட்டுக்கு வந்து, முடியாம இருக்கற அம்மாவைப் பாத்துக்கறேன், நீ நாமக்கல்லுல நர்ஸ் வேலைக்குப் போன்னு சொல்லியிருந்தேனே." அக்காவின் குரல் உடைந்தது. "படிப்பை விட்டுட்டு வாரேன்."

பஸ் இரண்டு வளைவுகள் திரும்பியது.

"நான் அடுத்த வருசம் போயிக்கறேன்" என்றாள் தங்கை.

"உனக்குக் கோவமில்லியா?"

"இருக்குது. ஆனா நீ பாதியில விட்டுட்டு வந்தீன்னா, வாழ்க்கை பூராவும் இருக்கும்."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கை அதை விலக்கவில்லை.