நாலாம் விரல்

தம்பி: ...அதான் கேக்கறேன், இது யார் எழுதினது?

அக்கா: என்னடா கேள்வி? மேல என் பேரு இருக்குல்ல?

தம்பி: பேரு இருக்கு. உன்னைத்தான் காணோம். நீ எழுதினா நான் ஒரு வாரம் விரலை ஒடிச்சுக்கணும். இந்த ஆறு கிட்டார் பீஸையும் காலையில காபி ஆறறதுக்குள்ள வாசிச்சு முடிச்சுட்டேன்.

அக்கா: நாளைக்கு ரெக்கார்டிங். சுலபமா இருந்தா உனக்கு நல்லதுதானே?

தம்பி: நல்லதுதான்...

அக்கா: அப்புறம் ஏன் இஞ்சி தின்ன குரங்காட்டம் முழிக்கறே?

தம்பி: இந்த ரெண்டாவது... தாலாட்டு மெட்டு. பாடறவங்க ஒரு இடத்துல மேல ஏறி நிப்பாங்களே, அங்க நீ கீழ இறக்கிட்டே.

அக்கா: கிட்டாருக்கு அதான் அழகு.

தம்பி: போன மாசம் நீ முணுமுணுத்தப்போ மேலதான் போச்சு.

அக்கா: வாய் போற இடத்துக்கெல்லாம் கை போகுமா?

தம்பி: சுண்டுவிரலை நீட்டினா எட்டும்.

அக்கா: எட்டும்... எட்டும். வேணாம்.

தம்பி: ஏன் வேணாம்?

அக்கா: வேணாம்னா விடேன்! சரி, அவ்வளவு ஆசையா இருந்தா நீயே மேல வாசிச்சுக் காட்டு. கிட்டார் உன் மடியிலதானே இருக்கு.

தம்பி: இப்பவா?... நீ வாசி. நான் தள்ளி நின்னு கேட்டாத்தான் தெரியும்.

அக்கா: எனக்கு அடுப்புல வேலை இருக்கு.

தம்பி: அடுப்பே பத்த வைக்கல.

அக்கா: பத்த வைக்கப் போறேன். நீ வாசி.

தம்பி: நீ வாசி.

அக்கா: சின்னப் பிள்ளையாடா நீ?

தம்பி: அக்கா, இங்க பாரு. நோட்டுக்குப் பக்கத்துல எந்த விரல்னு நம்பர் போட்டிருக்கே. ஒண்ணு, ரெண்டு, மூணு... திரும்ப ஒண்ணு. ஆறு பீஸ்லயும் தேடிட்டேன். சுண்டுவிரலுக்கான நாலைக் காணோம். ஒரு இடத்துல கூட சுண்டுவிரல் வேணாமா?

அக்கா: அச்சுல விட்டுப் போயிருக்கும்.

தம்பி: கையால எழுதினதுக்கு ஏதுக்கா அச்சு?

அக்கா: உனக்கு இப்ப என்னடா வேணும்?

தம்பி: யார் சொன்னாங்க உனக்கு?

அக்கா: எதை?

தம்பி: நடிக்காத. என் வீட்டுக்காரியா? அவ கிட்ட கூட நான் சொல்லலியே... நான் கப்பைக் கீழ போட்டப்போ பாத்தியா?

அக்கா: எந்தக் கப்பு? என்னடா உளர்றே?

தம்பி: மரத்துப் போகுதுக்கா. இந்த விரல். கம்பியை அமுக்கறேன், கம்பி அங்க இருக்கற மாதிரியே இல்ல. முதல்ல குளிர்னு நினைச்சேன். அப்புறம் தூங்கினப்போ கை மடங்கிடுச்சுன்னு நினைச்சேன்.

அக்கா: டேய்...

தம்பி: அப்பாவுக்கும் சுண்டுவிரல்லதானே ஆரம்பிச்சுது? சட்டை பட்டன் போட முடியலன்னு சிரிச்சாரு. நாமளும் கூடவே சிரிச்சோம். அப்புறம் ஸ்பூனைப் பிடிக்க முடியல...

அக்கா: நிறுத்துடா. போதும்.

தம்பி: டாக்டர்கிட்ட போகவே பயமா இருக்கு. போனா பேரு வச்சுடுவாங்க. பேரு வச்சுட்டா நிஜமாயிடும். மேடையில ஏறினா எல்லாரும் என் விரலையே பாக்கற மாதிரி இருக்கு.

அக்கா: எனக்கு... எனக்கு ஏன்டா சொல்லல?

தம்பி: உனக்குத்தான் தெரிஞ்சிருக்கே! இன்னிக்குக் காலையில இந்தப் பேப்பரைப் பாத்ததும் அழுதுட்டேன் தெரியுமா? ஒரு வார்த்தை கேக்காம, என்னைச் சங்கடப்படுத்தாம, நாலாவது விரலே இல்லாம ஆறு பீஸ் எழுதியிருக்கே. யாருக்குக்கா இப்படி ஒரு அக்கா கிடைப்பா?... ஏய், அழாத. நீ அழுதா எனக்கு இன்னும் பயமா இருக்கு. நான் யோசிச்சு வச்சிருக்கேன். எனக்கு முடியாமப் போனா நீ வாசி. பொறந்ததுல இருந்து என்னைவிட உனக்குத்தான் கை நல்லா ஓடும். குடும்பத்துல ஒரு கையாவது மிஞ்சும்ல?... ஏன் கையைப் பின்னால வச்சுக்கறே? அக்கா? என்னைப் பாரு... ஏதாவது சொல்லு.

அக்கா: உன் விரலைப் பத்தி எனக்கு யாரும் எதுவும் சொல்லலடா... நான் எதை எழுதினாலும் என் கையில வாசிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுவேன்.