நாலு மணி நேரத்துல துபாய்

சங்கரன்கோவில் தபால் ஆபீசில் தந்தி கொடுக்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவளின் இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

“எக்கா, துபாய் நம்ம மெட்ராஸைவிடப் பக்கமாம்” என்றாள் இளையவள்.

“யாருட்டி சொன்னா?”

“லீவுல வந்திருக்க திருவேங்கடத்துக்காரரு. ரெண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டராம். ஆனா திருவனந்தபுரத்துல பிளேன் ஏறினா நாலே மணி நேரமாம். மெட்ராஸுக்கு நாம ராத்திரி பூரா பஸ்ஸுல போறோம்லா?”

“அதுக்கென்ன இப்பம்?”

“என் தம்பி லெட்டருக்கு லெட்டர் தூரம் தூரம்னு எழுதுதான். லெட்டர் வர பதினஞ்சு நாள் ஆகுதே, ஆளு வரவும் அம்புட்டு நாளாகும்னு நானும் கிறுக்கச்சி மாதிரி நம்பிட்டேன். பிள்ளை இன்னும் மூளிக் காதோட இருக்கா.”

“லீவு கிடைக்கலேன்னா அவன் என்ன செய்வான்? பெரியப்பா மடியில வச்சுக் குத்திரேன்.”

“மாட்டேன். தாய்மாமன் மடியிலதான் குத்தணும்.”

அவள் முறை வந்தது. கிளார்க் பேனாவைத் திறந்தார்.

“என்னம்மா எழுத?”

“இந்த மாசம் நீ வரணும், வராட்டா பிள்ளையத் தூக்கிக்கிட்டு நானும் ஆசாரியும் அங்கன வாரோம்னு எழுதுங்க அண்ணாச்சி.”

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். “ஆசாரி எதுக்கும்மா துபாய்க்கு?”

அவள் சிரிக்கவில்லை. “மாமன் மடி அங்கனதான இருக்கு. காது குத்த ஆளு வேண்டாமா?”