சரிவில் ஒரு கிழக்கு ஜன்னல்

புருல்: தொப்பியை இழுத்து மூஞ்சிய மறைச்சா அடையாளம் தெரியாமப் போயிடுமா? எசென் சம்பந்தி! உங்களைத்தான்!

எசென்: யாரு... அட, சம்பந்தியம்மாவா! வாங்க வாங்க.

புருல்: வாங்கவா? உங்க வீடா இது? "இந்தச் சரிவுல ஆடுதான் மேயணும், வயசானவங்க குடியிருப்பு வரக்கூடாது. பெத்தவங்களை இங்க கொண்டாந்து விடுறவன் கிர்கிஸ்காரனே இல்ல"ன்னு ஊர்க்கூட்டத்துல மேசையைத் தட்டினது யாரு?

எசென்: நான்தான். அதான் உளவு பார்க்க வந்தேன்.

புருல்: இஸ்திரி போட்ட சட்டையோடவா?

எசென்: எதிரி இடத்துக்கு அழுக்காப் போக முடியுமா? சரி, நீங்க எதுக்கு இவ்ளோ மேடு ஏறி...

புருல்: நான்... காத்து வாங்க. இங்கேருந்து ஏரி நல்லாத் தெரியும்ல.

எசென்: உங்க வாசல்லயே தெரியுமே!

புருல்: அது பாதி ஏரி.

பெகிமாய்: வாங்க பெரியப்பா! உங்களுக்குக் கட்டுற அறைக்கு ஜன்னலைக் கிழக்கால வைக்க இஞ்சினியர் ஒத்துக்கிட்டாரு.

எசென்: யாரும்மா நீ?

பெகிமாய்: என்ன பெரியப்பா, இங்க வேலை பார்க்கிற பெகிமாய்! போன தடவை அறையெல்லாம் சுத்திக் காட்டினேனே. கட்டில் பக்கத்து மணியை நீங்க திரும்பத் திரும்ப அழுத்தி, நர்ஸம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாங்களே!

எசென்: அது... சோதனை.

புருல்: உளவாளிக்கு ஜன்னல் எதுக்கு சம்பந்தி?

எசென்: எட்டிப் பார்க்கத்தான்.

பெகிமாய்: பெரியம்மா, உங்க காரியமும் முடிஞ்சுது. இங்க டாக்டர் தங்குற வீட்டுக்குப் பின்னால மண்ணைச் சமப்படுத்தியாச்சு. நீங்க கேட்ட வெங்காயப் பாத்தியை அங்க போட்டுக்கலாம்.

எசென்: ஓஹோ! காத்து வாங்க வந்தவங்களுக்கு வெங்காயப் பாத்தியா!

புருல்: பெகிமாய்... போய் டீ கொண்டு வாம்மா.

பெகிமாய்: நான் ஏதும் தப்பா...

புருல்: டீ!

பெகிமாய்: இதோ, போயிட்டேன்.

எசென்: சிரிக்காதீங்க சம்பந்தியம்மா.

புருல்: நான் எங்க சிரிச்சேன்? சொல்லுங்க.

எசென்: போன பனியில பட்டியில வழுக்கி விழுந்தேன்ல... அப்பதான் குபாத்துக்குக் கொரியாவுல வேலை கிடைச்சிருந்தது. கப்பல் பட்டறையில வெல்டிங். உங்க பொண்ணும் கூடப் போகலாம்னாங்க. என்னைத் தூக்கிக் கட்டில்ல போட்டுட்டு, "நாங்க போகலப்பா"ன்னுட்டான் என் பையன்.

புருல்: ஜிப்பெக்கும் அதையேதான் சொன்னா. "உனக்குச் சர்க்கரை ஊசி யாரும்மா போடுவா"ன்னா. நானே போட்டுக்குவேன்டின்னா, என் கை நடுங்குறதை எனக்கே காட்டுறா.

எசென்: இப்ப மறுபடி கூப்பிட்டிருக்காங்களாம்.

புருல்: தெரியும். அதான் நானும் இங்க... அது சரி, கூட்டத்துல ஏன் அப்படிக் கத்துனீங்க?

எசென்: நான் இந்த இடத்தைப் புகழ்ந்தா, "குபாத் அப்பனைத் துரத்தப் பார்க்கிறான், கிழவனைப் பேச வைக்கிறான்"னு ஊரு சொல்லும். கத்திட்டு, அப்புறம் நானா வந்து குடியேறினா? "கிழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு"ன்னு என்னைத்தான் திட்டும். புள்ளை பேரு தப்பிச்சிரும்.

புருல்: அடேங்கப்பா... இவ்ளோ மூளையை எங்க வெச்சிருந்தீங்க?

எசென்: தொப்பிக்கு அடியிலதான். நீங்க பார்த்ததில்ல.

புருல்: இங்க வரப்போறதை குபாத்துகிட்ட சொல்லிட்டீங்களா?

எசென்: சொன்னா காலைப் பிடிச்சுக்கிட்டு அழுவான். ஒரு சின்னப் பொய்யி... நீங்க ஜிப்பெக்கிட்ட என்ன சொன்னீங்க?

புருல்: நானும் பொய்தான். "மாமனாரு தனியா என்ன செய்வாருடி? நான் உங்க வீட்டுக்கு வந்து அவருக்குச் சமைச்சுப் போட்டுப் பார்த்துக்கறேன். நீங்க நிம்மதியாக் கிளம்புங்க"ன்னேன்.

எசென்: ஓ... அதானா!

புருல்: எதானா?

எசென்: ஒண்ணுமில்ல. நான் குபாத்துகிட்ட, "உன் மாமியார் தனியா இருக்க பயப்படுறாங்க, நான் அவங்க வீட்டுக்குப் போயிடறேன்"ன்னேன்.

புருல்: நானா பயப்படுறேன்? ஆட்டுக்கு வந்த ஓநாயைக் கரண்டியால விரட்டினவ நான்! அட அல்லாவே... நீங்க என் வீட்டுல, நான் உங்க வீட்டுல... அதுங்க ரெண்டும் புருசன் பொண்டாட்டியாச்சே, பேசிக்காதா?

எசென்: பேசிக்கிட்டாங்க. காலையில குபாத் வந்து கேட்டான்.

புருல்: என்னன்னு?

எசென்: "ரெண்டு பேரும் இப்படிச் சுத்தி வளைக்கிறீங்களேப்பா... கல்யாணம் நாங்க கிளம்புறதுக்கு முன்னாடியா, பின்னாடியா"ன்னு.

புருல்: கல்யாணமா! அப்படியெல்லாம் இல்லைன்னு சொன்னீங்கல்ல? ... சம்பந்தி, ஏரியை அப்புறம் பார்க்கலாம், இங்க பாருங்க. என்னதான் சொன்னீங்க?

எசென்: "அவங்ககிட்ட இன்னும் கேக்கலைடா"ன்னேன்.