வலப்பக்கம் காலி

உங்கள் ஊரில் உட்கார இடத்துக்குப் பஞ்சமே இல்லை. பூங்காவில், ஆற்றங்கரையில், தேவாலய வாசலில், எங்கே திரும்பினாலும் ஒரு மர பெஞ்சு. இறந்துபோனவர்களின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து அதில் பதித்தும் வைத்திருக்கிறீர்கள். லண்டனில் என் மனதில் நின்றது அதுதான். ஒன்றிலும் நான் உட்காரவில்லை, நடந்துகொண்டே பார்த்தேன்.

தண்ணீர் வேண்டாம், இன்ஸ்பெக்டர், நன்றி. மொழிபெயர்க்கும் பெண்மணி அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் மெதுவாகத்தான் பேசுவேன்.

என் பெயர் மார்லீஸ். வயது அறுபத்தேழு. ஜெர்மனியில் காஸல் எங்கள் ஊர். முப்பத்தோரு வருஷம் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தேன். வருகிறவர்களை உட்காரவைத்துக் கால் அளவு எடுக்கிற வேலை. நாங்கள் உட்காரக் கூடாது என்பது கடையின் சட்டம். என் கணவர் எக்கார்ட் நகராட்சியில் குடிநீர்க் குழாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், என்மேல் கை ஓங்கியதே இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாவம் அடி தாங்காமல் செய்துவிட்டாள் என்று யாராவது கதை கட்டிவிடுவார்கள்.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து மே மாதம்தோறும் ஒரு பெரிய நகரம். பாரிஸ், வியன்னா, பிராக், லிஸ்பன் என்று பதினோரு நகரம் ஆயிற்று. போவதற்கு நான்கு மாதம் முன்பே பட்டியல் தயாராகிவிடும். லண்டனுக்கு ஏழு நாளில் நாற்பத்திரண்டு இடம். ஒவ்வொன்றையும் பார்த்ததும் பென்சிலால் ஒரு கோடு போடுவார். சாப்பிட எங்கும் உட்கார மாட்டோம். காலையில் ஹோட்டல் மேஜையிலிருந்து ரொட்டிக்குள் சீஸ் வைத்துக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்வோம், நடந்துகொண்டே தின்போம். எங்கள் ஊர்க்காரர்கள் பலரும் செய்வதுதான். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

எனக்குக் களைப்பு. வேறு காரணம் தேடினால் உங்களுக்குக் கிடைக்காது. தூங்கினால் போகிற களைப்பு இல்லை அது. நான் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். சொல்லிப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். பதினோரு வருஷம் சொன்னேன். "உட்கார்ந்தா அப்புறம் எழுந்திரிக்க மனசு வராது, மார்லீஸ்," என்பார், அன்பாகத்தான். வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று ஒருமுறை சொன்னதற்கு, நீ இல்லாமல் என்னால் தெருவைக்கூடத் தாண்ட முடியாதே என்றார். அது உண்மைதான். அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் காரில் முன்னிருக்கையில் உட்காருகிற மனைவிக்கு ஒரு வேலை உண்டு. எங்கள் வண்டிகளில் ஸ்டியரிங் இடப்பக்கம், அதனால் ஓட்டுகிற கணவர் இடப்பக்கம் பார்த்துக்கொள்வார். வலப்பக்கம் வண்டி வருகிறதா என்று அவள் பார்த்து, "வலப்பக்கம் காலி" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் அவர் வண்டியை எடுத்துவிடுவார், திரும்பிப் பார்க்க மாட்டார். பார்த்தால் மனைவியை நம்பவில்லை என்று ஆகிவிடும், அன்று வீட்டில் சாப்பாடு ருசிக்காது. நாற்பது வருஷம் நான் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

ஒன்பது வருஷம் முன்பு எக்கார்டுக்குக் கழுத்து எலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து கழுத்து வலப்பக்கம் திரும்பாது. வலது காதும் மந்தம். காரில் இருந்த வழக்கம் நடக்கும்போதும் ஒட்டிக்கொண்டது. நான் எப்போதும் அவருக்கு வலப்பக்கம் நடப்பேன். சிக்னல் உள்ள இடத்தில் பச்சை விழும்வரை நாங்கள் அசைய மாட்டோம். சிக்னல் இல்லாத இடத்தில் அவர் இடம் பார்ப்பார், நான் வலம் சொல்வேன்.

எங்கள் ஊரில் தெருவில் கால் வைத்ததும் வண்டி இடப்பக்கத்திலிருந்துதான் வரும், அது அவர் பொறுப்பு. உங்கள் ஊரில் எல்லாம் தலைகீழ், முதலில் வண்டி வலப்பக்கத்திலிருந்து வரும். வலப்பக்கம் பார் என்று தெருவிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறீர்களே, முதல் நாள் அதைக் காட்டினேன். "அது உனக்குத்தான் எழுதியிருக்காங்க," என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு தெரு ஓரத்தில் நான் சொல்ல மறந்துபோனேன். அவர் அப்படியே நின்றார். வண்டி எதுவும் இல்லை, ஜனங்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், அவர் நேரே பார்த்தபடி காத்திருந்தார். அரை நிமிஷம் நான் வாயைத் திறக்கவில்லை. கால் வலி கொஞ்சம் குறைந்தது. பிறகு அதை அடிக்கடி செய்தேன். கூட்டம் இருக்கு, பொறு என்று சொல்லிவிட்டு நிற்பேன். நின்றால் அவர் முணுமுணுப்பார், ஆனால் கால் எடுக்க மாட்டார். அந்த அரை நிமிஷங்கள்தான் எனக்கு விடுமுறை.

ஐந்தாம் நாள் பிற்பகல் அருங்காட்சியகத்தை விட்டு வந்தோம். உள்ளே மூன்று மணி நேரம், எங்கள் வீட்டில் இல்லாத சட்டி பானைகளைப் பார்த்தோம். கொஞ்சம் உட்காரலாமா என்றேன். பட்டியலை எடுத்துக் காட்டினார். இன்னும் பதினான்கு மிச்சம். ஐந்து மணிக்குள் பட்டியலில் அடுத்து இருந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டால் நாளைக்குச் சுமை குறையும் என்றார். தெரு ஓரத்துக்கு வந்து நின்றோம்.

அவசரத்தில் நடந்தது என்று நீங்கள் ஏற்கெனவே எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். முதலில் ஒரு பஸ் வந்தது. நிறுத்தம் பக்கத்தில் என்பதால் மெதுவாக வந்தது. விட்டுவிட்டேன். அடுத்து ஒரு சின்ன வேன், அது போதாது என்று தோன்றியது. மூன்றாவதும் பஸ், நிறுத்தத்தில் ஆள் இல்லாததால் வேகம் குறைக்கவில்லை. சத்தமே போடாத மின்சார பஸ். அவருடைய சட்டைக் கையை நான் பிடித்திருந்தேன். அதை விட்டேன். "வலப்பக்கம் காலி" என்றேன். எப்போதும் சொல்கிற குரலில்தான் சொன்னேன்.

பிறகு ஒரு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். யாரோ ஒரு பெண் தன் கோட்டை என் தோளில் போர்த்திவிட்டு, இனிப்பான தேநீர் வாங்கிக் கொடுத்தாள். பஸ் ஓட்டிய பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அவளை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை, வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்களாம், திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எக்கார்ட் சாகவில்லை. இடுப்பும் இரண்டு காலும் போயிற்று. இரண்டாம் நாள் நினைவு வந்தது. நீங்களே வந்து அவரிடம் கேட்டீர்கள், நான் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். மார்லீஸ் நில் என்றுதான் சொன்னாள், நான்தான் காதில் வாங்கவில்லை என்று அவர் உங்களிடம் சொன்னார். நீங்கள் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

நீங்கள் போனதும் அவர் கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"நீ சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுது."

நான் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"அதை விடு. அடுத்த மே மாசம் ரோம். அங்க ஏறுறதுக்குச் சரிவுப் பாதை எங்கெங்க இருக்குன்னு விசாரிக்கணும். நாற்காலியை நீதான் தள்ளணும், வேற யாரும் தள்ளினா எனக்குப் பயமா இருக்கும்."

மன்னிக்கிறாரா, பழிவாங்குகிறாரா என்று இரண்டு நாள் யோசித்தேன். இரண்டும் இல்லை. அவருக்கு ரோம் பார்க்க வேண்டும். மூன்று வாரமாகக் கட்டிலில் படுத்தபடியே பட்டியல் எழுதுகிறார். முப்பத்தெட்டு இடம் ஆகிவிட்டது. ரோமில் தெருவெல்லாம் கருங்கல் பாவியது, மேடும் பள்ளமும்.

கணவரே விபத்து என்று சொல்லிவிட்டார், கோப்பை மூடிவிட்டோம், அதிர்ச்சியில் உளறுகிறீர்கள், வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்கிறீர்கள். ஓய்வு என்று நீங்கள் சொன்னதை அந்தப் பெண்மணி சரியாகத்தான் மொழிபெயர்த்தாரா என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன்.

நான் தெளிவாகவே இருக்கிறேன். பஸ்ஸைப் பார்த்தேன். ஓட்டுகிற பெண்ணின் மூக்குக்கண்ணாடி வரை தெரிந்தது. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அவர் சாக வேண்டும் என்றுதான் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். மனசாட்சி உறுத்தியதால் தானாகவே வந்தாள் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், அதுதான் உண்மை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து என்னிடம் ஒப்படைக்கப்போகிறார்கள். வியாழக்கிழமைக்குள் என்னைக் கைது செய்துவிடுவீர்கள் அல்லவா?