கதவுக் கண்ணாடியில் ஒட்டிய பேப்பர்

இந்தக் கண்ணாடில பேப்பர் ஒட்டியிருக்காங்களே, யாருக்காகன்னு நினைக்கிறீங்க? எனக்காகத்தான் சார். மத்த வகுப்புக் கதவையெல்லாம் பாருங்க, பளிச்சுனு இருக்கு. இது ஒண்ணுல மட்டும் என் முகம் வர்ற உயரத்துக்கு ஒட்டிட்டாங்க. கீழ மட்டும் விட்டுவச்சிருக்காங்க, பிள்ளைங்க எட்டிப் பாக்கணுமாம். அதான் இந்தப் பொடிசுங்க நாற்காலில உக்காந்திருக்கேன். முழங்கால் தாடைல இடிக்குது... உக்காருங்க, உங்க பிள்ளையும் உள்ளதானே, வெளிய விட இன்னும் நேரமிருக்கு.

பெத்த பொண்ண அப்பன் பாக்கக் கூடாதா? சொல்லுங்க. இன்னைக்கு உள்ள களிமண் குடுத்திருக்காங்க. எம்பொண்ணு தானா ஏதாவது செய்யணும். செஞ்சாத்தான் அடுத்த வகுப்பு, இல்லேன்னா இன்னொரு வருஷம் இதே அறைதான்னு டீச்சர் சொல்லிட்டாங்க. அவ வகுப்புல எதையுமே தொடுறதில்லையாம். பென்சில் குடுத்தா, மடில கைய வச்சுக்கிட்டு டீச்சர் மூஞ்சியவே பாக்குறாளாம். "வீட்ல இவளுக்கு யாரு சொல்லித் தர்றது?"ன்னு கேட்டாங்க. நாந்தான்னேன், பெருமையா. மறுநாள் வந்தா, பேப்பர்.

நான் அப்படியே விட்டுடுற ஆளில்ல சார். அச்சகத்துல பிழை திருத்துறவன். ஒரு புள்ளி தப்பினாக்கூட கண்ணு அங்கயே போய் நிக்கும். வீட்லயும் தினம் ஒரு பயிற்சி வைப்பேன். தட்டு நிறையப் பொத்தான் குடுத்து நிறம் பிரிக்கச் சொன்னேன். எல்லாத்தையும் அழகாப் பிரிச்சுட்டு, ஒரே ஒரு நீலத்த மட்டும் சிவப்புக்கு நடுவுல வச்சா. ஏம்மான்னா, "அது தனியா இருக்குப்பா"ங்குறா. பொத்தானுக்குத் துணை வேணுமாம். எடுத்து அந்தப் பக்கம் வச்சேன். வீடு வரைஞ்சா சாயும், நான் நிமிர்த்துவேன். சூரியனுக்கு முடி வளத்தா, ரப்பர் எடுத்து மொட்டை அடிச்சேன். "அவளுக்குன்னு ரெண்டு கை இருக்குங்க"ன்னா வீட்டுக்காரி. அதச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுன்னேன்.

அப்புறம் அந்த மாடு. களிமண்ல பண்ணினா, ஆறு காலோட. கேட்டா, "ஓடுதுப்பா, அதான்"ங்குறா. ஓடுனா கால் முளைக்குமா சார்? ரெண்டக் கிள்ளிப் போட்டேன். அழுவான்னு பாத்தேன், அழல. மொத்தத்தையும் உருட்டி என் கைல குடுத்து, "நீயே பண்ணுப்பா"ன்னா. பண்ணினேன். கொம்பு, குளம்பு, வால் நுனில குஞ்சம்... அசல் மாடு. அலமாரில இருக்கு, ஒரு நாள் வந்து பாருங்க. அன்னைலேருந்து அவ களிமண்ணே கேக்கல. அவ்வளவு திருப்தி போல.

கொஞ்சம் இருங்க... தொட்டுட்டா. சார், மண்ணத் தொட்டுட்டா. அந்தக் கோடு போட்ட சட்டை உங்க பையனா? அவன்கிட்ட என்னமோ பேசிக்கிட்டே உருட்டுறா. உடம்பு... தலை... மாடுதான் சார். ஒரு கால். ரெண்டு. நாக்கத் துருத்திக்கிட்டு ஒட்டுறா பாருங்க. மூணு... நாலு. போதும் குட்டி. போதும்மா. அஞ்சாவது உருட்டுறாளே...

மெல்லத்தான் சார் கண்ணாடியத் தட்டினேன். ஒத்த விரலால.

என்னைப் பாத்துட்டா.

கைய... கைய மடில வச்சுக்கிட்டா.

டீச்சரும் இங்கதான் பாக்குறாங்க. திட்டிட்டாலாவது தேவலை.

எங்க எழுந்துட்டீங்க? கிளம்பிட்டீங்களா? ஓ... டேப்பா. அந்த மேஜைலேருந்து பேப்பரும் எடுத்துட்டு வந்துட்டீங்க. கீழயும் மறைக்கப் போறீங்க.

சரி. ஒட்டுங்க. இந்த முனைய நான் புடிச்சுக்குறேன். உள்ள பாக்கல சார், ஒட்டுங்க.

...சத்தம் கேக்குதா? "டீச்சர், இது ரொம்ப வேகமா ஓடுது"ன்னு. எம்பொண்ணு குரல்தான். ரொம்ப வேகம்னா... ஆறுக்கும் மேலயே இருக்கும் சார்.

பேப்பர் கோணலா ஒட்டியிருக்கீங்க. வலது பக்கம் இறங்கி நிக்குது.

இல்ல, தொடல. பாருங்க, மடிலதான் வச்சிருக்கேன், ரெண்டு கையும்.