வெர்லின் வாசிக்காத பேர்

அந்த ரேடியோவை முதல்ல அணைங்கப்பா. எத்தனை தடவை சொல்றது... ம். தீக்கிட்ட நெருங்கி உக்காருங்க.

என் கூட்டாளி டார்லீன் இருக்கால்ல, அவ அண்ணன் வெர்லினுக்கு நடந்தது. ஜனவரி மாசம். விடியறதுக்கு ரொம்ப முன்னாடி. மலை உச்சியில நம்ம கன்ட்ரி மியூசிக் ரேடியோ ஸ்டேஷனுக்குப் போற சரளைக்கல் ரோடு... எதிர்ல ஒரு வண்டி கிடையாது.

காலையில பேசுறவன் வெர்லின்தான். ஏழு மணிக்கு ஃபிடில் பாட்டை நிறுத்திட்டு, ஊர்ல யார் செத்தாங்கன்னு வாசிப்பான். அவன் வாசிச்சாத்தான் செத்தது நிச்சயம்னு நாமளே கிண்டல் பண்ணுவோமே. ஸ்டேஷனை ஒரு வெளியூர்க் கம்பெனி வாங்கிச்சு பாருங்க, வந்தது வினை. பாட்டெல்லாம் இனி கம்ப்யூட்டரே போடுமாம். சாவுச் செய்தி கேட்டா விளம்பரக்காரன் ஓடிடுவானாம், அதனால வேணாமாம். வெர்லினுக்கு வயிறு எரிஞ்சுது. வேலை போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டான்.

அன்னிக்கு உள்ள நுழையறான்... ஹீட்டர்ல தூசி கருகுற வாடை. போன் அடிக்குது. ஓப்பல் கிழவி. அவ புருஷன் க்ளீட்டஸைப் புதைச்சு ஒரு வாரம்கூட ஆகலை.

"தம்பி, அவர் பேரை வாசிச்சுடுப்பா. புதைச்ச அன்னியிலேருந்து சமையக்கட்டுல ரேடியோகிட்டயே உக்காந்திருக்கார். பூட்ஸெல்லாம் மண்ணு. எந்திரிக்கவே மாட்டேங்குறார்."

வெர்லின் மைக்கைத் திறந்தான். வாயைத் திறக்கறதுக்குள்ள... டிக். கம்ப்யூட்டர் மைக்கை மூடிட்டுப் பாட்டைப் போட்டுடுச்சு. மறுபடி திறந்தான். மறுபடி டிக். செல்லுல கம்பெனியைக் கூப்பிட்டா, ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு மிஷின் பேசுது. கேட்ட எனக்கே ரத்தம் கொதிச்சுது, அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? இந்தப் பக்கம் கிழவி போனை வைக்காம அழுவுறா.

கடைசியில கம்ப்யூட்டர் வயரையே பிடுங்கிட்டான். நிதானமா வாசிச்சான். க்ளீட்டஸ் ஸ்டாம்பர், நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்தவர், மனைவி ஓப்பல் இருக்காங்க...

அப்புறம் போனை எடுத்து, போயிட்டாரான்னு கேட்டான்.



"எந்திரிச்சார் தம்பி. தொப்பியை மாட்டிக்கிட்டார். என் கோட்டை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு... மறுபடி உக்காந்துட்டார். சத்தத்தைக் கூட்டி வெச்சிருக்கார்."

வெர்லினுக்கு இன்னொரு பேருக்குக் காத்திருக்கார்னு புரிஞ்சுபோச்சு. இனி இந்த வாயால யார் பேரையும் வாசிக்கறதில்லைன்னு ஸ்டேஷன் சாவியை மேசையில போட்டான். நேரா போய்க் கிழவியை வண்டியில ஏத்தி, டார்லீன் வீட்டுல கொண்டுவந்து விட்டான். கோட்டு இல்லாமதான் வந்தா.

மறுநாள் காலையில மூணு பேரும் சாப்பிட உக்காந்திருக்காங்க. பன்னு மாதிரி மெத்துன்னு பிஸ்கட்டு, மேல ஊத்திக்க கிரேவி, சூடா காபி. டார்லீன் பழக்கதோஷத்துல ரேடியோவைப் போட்டுட்டா. கம்பெனிக்காரன் வயரை மறுபடி மாட்டியிருப்பான், கம்ப்யூட்டர்தானே பாடுதுன்னு யாரும் அணைக்கலை.

ஏழு மணி. பாட்டு பாதியில நின்னுச்சு.

டிக்.

"ஓப்பல் ஸ்டாம்பர்..." வெர்லினோட குரல். அச்சு அசல் அவன் குரல். அவன் எதிர்ல உக்காந்திருக்கான்... வாய் நிறைய பிஸ்கட்டு.

ஓப்பல் காபியைக் கீழே வெச்சா. மெதுவா எந்திரிச்சா. சுவத்தைப் பாத்து நின்னு, ரெண்டு கையையும் பின்னால நீட்டினா... யாரோ கோட்டு மாட்டி விடுற மாதிரி.